“எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிடலாமா, டாக்டர்?”

வாசகி ஒருவரின் கடிதம் இது. வயது 47. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்னும் ஆறு வாரத்தில் மகளோடும் நாத்தனாரோடும் நான்கு நாள் கடற்கரைப் பயணம் போகிறார். நான்காம் நாள் ஸ்கூபா டைவிங்குக்குப் பதிவு செய்திருக்கிறார்கள். காலையில் ஒரு டைவ், பிற்பகலில் ஒரு டைவ். 12 மீட்டருக்குக் கீழே இறக்கமாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்களாம். இரண்டாவது டைவ் மாலை 4 மணிக்கு முடியும். மறுநாள் காலை 7.30 மணிக்குத் திரும்பும் விமானம். டைவுக்கும் விமானத்துக்கும் இடையே 12 மணி நேரம் போதும் என்று ஒருவர் சொன்னாராம்.

சிறு வயதில் அவருக்கு ஆஸ்துமா இருந்திருக்கிறது. “இப்போது கிடையாது” என்று எழுதிவிட்டு, இரண்டு வரி தள்ளி, பனிக்காலத்தில் ஒட்டடை அடித்தால் இழுப்பு வரும், இன்ஹேலர் இரண்டு முறை அடித்தால் சரியாகிவிடும், கடைசியாக அடித்தது ஐந்து மாதத்துக்கு முன் என்றும் எழுதியிருக்கிறார். மூன்று வருடமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். அடிக்கடி மூக்கடைப்பு. மற்றபடி தினமும் குளத்தில் ஒரு கிலோமீட்டர் நீந்துகிறார், தண்ணீருக்குள் ஒன்றரை நிமிடம் மூச்சை அடக்குவார்.

டைவிங் நடத்துகிறவர்கள் ஓர் உடல்நலப் படிவத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார்கள். ‘ஆம்’, ‘இல்லை’ என்று டிக் போட வேண்டும். போன வருடம் டைவ் செய்துவிட்டு வந்த நாத்தனார் சொன்ன யோசனை: “ஒரே ஒரு ‘ஆம்’ போட்டாலும் டாக்டர் கையெழுத்து கேப்பாங்க அண்ணி. எல்லாத்துக்கும் ‘இல்லை’ போட்டுடுங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.” வாசகியின் சமாதானமும் ஏறக்குறைய அதேதான். நீச்சல் தெரியும், ஆழம் குறைவு, சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்பதால் இழுப்பு வந்தாலும் நல்லதுதானே, மூக்கடைப்புக்கு மாத்திரையும் சொட்டு மருந்தும் இருக்கவே இருக்கிறது. “போகலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது, மன்னியுங்கள். இரண்டு வாக்கியத்தில் சொல்கிறேன். இன்று இருக்கிற நிலையில், அந்தப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிட்டு இறங்கக் கூடாது. ஆறு வாரத்தில் சில பரிசோதனைகளும் ஒரு மாத்திரை விஷயமும் முடிந்து, மருத்துவர் கையெழுத்தும் கிடைத்தால் இறங்கலாம்.

நான் நுரையீரல் மருத்துவர். டைவிங் தகுதிச் சான்று கேட்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன், நானும் கடலில் இறங்குகிறவள். உங்களைப் போல நீந்தத் தெரிந்து, தைரியமும் இருப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குச் சற்றுக் கூடுதல் கவலை. அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் அந்த மாத்திரை

கடிதத்தில் மாத்திரையின் பெயரைப் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது ‘லால்’ என்று முடிகிறது. அட்டெனலால், மெட்டோப்ரொலால் போன்றவை பீட்டா பிளாக்கர் வகை. இதயத் துடிப்பைக் கட்டுக்குள் வைக்கும் நல்ல மருந்துதான். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த வகை மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடும் என்பதால், தரையிலேயே யோசித்துத்தான் கொடுப்போம். உங்களுக்கு மாத்திரை எழுதிய மருத்துவரிடம் இன்ஹேலர் பற்றிச் சொன்னீர்களா? “இப்போது ஆஸ்துமா கிடையாது” என்று நினைப்பவர் சொல்லியிருக்கமாட்டார் என்பது என் ஊகம்.

தண்ணீரில் இதற்கு வேறு கோணங்களும் உண்டு. அலையிலோ நீரோட்டத்திலோ திடீரென்று வேகமாக நீந்த வேண்டி வந்தால் இதயம் அதற்கேற்பத் துடித்தாக வேண்டும். இந்த மருந்து அந்த வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு போட்டுவிடுகிறது. அதோடு, கழுத்தளவு நீரில் நின்றாலே கால்களில் இருக்கும் ரத்தத்தில் அரை லிட்டருக்கும் மேல் மார்புப் பக்கம் ஏறிவிடும். இதயத்துக்கு அது கூடுதல் சுமை. ரத்த அழுத்தம் உள்ள சிலருக்கு இந்தச் சுமையால் நுரையீரலுக்குள் நீர் கசிவதுண்டு. தண்ணீரைக் குடித்ததால் வருவதல்ல, சொந்த ரத்தத்திலிருந்து கசிகிற நீர். நன்றாக நீந்திக்கொண்டிருப்பவருக்கு இருமல் வரும், மூச்சு வாங்கும், சளியில் இளஞ்சிவப்பு நுரை தெரியும். நல்ல உடல்வாகு உள்ள நீச்சல்காரர்களுக்கும் இது வந்திருக்கிறது.

தயவுசெய்து இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பீட்டா பிளாக்கரைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தமும் துடிப்பும் எகிறும். இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் இரண்டு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாற்று மருந்து கொடுத்தால் அது உடம்புக்குப் பழகி அழுத்தம் சீராக நிற்கச் சில வாரங்கள் ஆகும். உங்கள் ஆறு வாரம் அதற்கே சரியாகப் போய்விடலாம். டைவிங் யோசனையே இல்லாவிட்டாலும் இதைப் பேசியிருக்க வேண்டும். அந்த வகையில் படிவம் ஏற்கெனவே உங்களுக்கு ஒரு நல்லது செய்துவிட்டது.

படிவம் யாருக்காக?

பல நாடுகளிலும் டைவிங் மையங்கள் பயன்படுத்துவது 2020-இல் புதுப்பிக்கப்பட்ட படிவம். அதில் முதன்மைக் கேள்விகள் பத்துதான். உங்களுக்கு அனுப்பியதும் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். ‘45 வயதைத் தாண்டியவரா’ என்று ஒரு கேள்வி. அதற்கு ‘ஆம்’ போட்டதாலேயே மருத்துவரிடம் போக வேண்டியதில்லை. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், நெருங்கிய ரத்த உறவில் 50 வயதுக்குள் இதய நோயாலோ பக்கவாதத்தாலோ மரணம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றும் சேர்ந்திருந்தால்தான் போக வேண்டும். உங்களுக்கு அழுத்தம் இருக்கிறது. ‘மருத்துவர் எழுதிய மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா’ என்பது இன்னொரு கேள்வி, அதற்கும் ‘ஆம்’. நுரையீரல் பற்றிய கேள்வி தனி. ‘14 நிமிடத்தில் 1.6 கிலோமீட்டர் நடக்கவோ நிற்காமல் 200 மீட்டர் நீந்தவோ சிரமப்படுவீர்களா’ என்ற கேள்விக்கு மட்டும் நீங்கள் தாராளமாக ‘இல்லை’ போடலாம்.

‘ஆம்’ போட்டால் வெளியே தள்ளிவிடுவார்கள் என்று உங்கள் நாத்தனார் நினைக்கிறார். உண்மையில் ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும் என்றுதான் அதற்குப் பொருள். மருத்துவர் நிரப்பும் பக்கத்தில் இரண்டே கட்டங்கள்: தகுதி உண்டு, தகுதி இல்லை. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு நான் எத்தனையோ முறை முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பொய்யாக நிரப்பினால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நாத்தனார் திரும்பி வந்ததுபோல நீங்களும் வந்துவிடக்கூடும். அதனால்தான் இந்த யோசனை வாய்வழியாகப் பரவிக்கொண்டே இருக்கிறது. ஏதாவது ஆகிவிட்ட அன்றுதான் சிக்கல். உங்களுக்கு இருமல் வரும்போது பயிற்சியாளர் அதை வாயில் உப்புநீர் போனதால் வந்த இருமல் என்று நினைத்துக் காத்திருப்பார். ஆஸ்துமா என்று தெரிந்திருந்தால் முதல் இருமலிலேயே மேலே கொண்டுவந்திருப்பார். காப்பீட்டு நிறுவனமும் படிவத்தை எடுத்துப் பார்க்கும். தெரிந்தே மறைத்த நோய்க்குப் பொதுவாக இழப்பீடு தரமாட்டார்கள். கட்டிய பணம் போய்விடுமே என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள் என்பது என் அனுபவம். ஆகவே மருத்துவக் காரணத்தால் டைவ் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று இன்றே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். அது உறுதியானால் ‘ஆம்’ என்று எழுதக் கை கூசாது.

சிலிண்டரில் இருப்பது காற்று

சிலிண்டரில் ஆக்சிஜன் அடைத்திருப்பார்கள் என்று நினைப்பவர் நீங்கள் மட்டுமல்ல, செய்தித்தாள்களும் அப்படியே எழுதுகின்றன. நாம் இப்போது மூச்சில் இழுக்கும் அதே காற்றைத்தான் வடிகட்டி, ஈரம் நீக்கி, அழுத்தி அடைக்கிறார்கள். ஆக்சிஜன் 21 சதவீதம், மீதி ஏறக்குறைய முழுவதும் நைட்ரஜன். சுத்த ஆக்சிஜனோடு சுமார் 6 மீட்டரைத் தாண்டினால் வலிப்பு வரும் அபாயம் உண்டு, அந்த ஆழத்தில் ஆக்சிஜனே நஞ்சாகத் தொடங்கும்.

ஆஸ்துமாக்காரருக்கு இந்தக் காற்று மருந்தாகாது, எதிர்ப்பக்கம் வேலை செய்யக்கூடும். ஈரமே இல்லாத குளிர்ந்த காற்று. ஆழத்தில் அடர்த்தி கூடுவதால் இழுக்கவும் விடவும் கூடுதல் முயற்சி வேண்டும். வாயில் கவ்வி மூச்சு இழுக்கும் ரெகுலேட்டர் என்ற கருவியில் சிறு கசிவு இருந்தால் கடல்நீர் பொடிப்பொடித் துளியாக மூச்சோடு உள்ளே போகும். எங்கள் ஆய்வகத்தில் ஒருவருக்கு ஆஸ்துமா இருக்கிறதா என்று கண்டுபிடிக்கச் செய்கிற சோதனைகளில் ஒன்று, செறிவான உப்புநீரை ஆவியாக்கி முகரச் சொல்வது. அதே சோதனையை உங்களுக்குக் கடலடியில் செய்து பார்த்ததுபோல் ஆகிவிடும். அங்கே இன்ஹேலரும் அடிக்க முடியாது.

இழுப்பு வருவதைவிட நான் அஞ்சுவது அதன் பிறகு மேலே ஏறுவதற்கு. நீர்மட்டத்தில் நம் மேல் இருப்பது ஒரு மடங்கு அழுத்தம். 10 மீட்டர் ஆழத்தில் இரு மடங்கு, 20 மீட்டரில் மும்மடங்கு. ஆகவே 10 மீட்டரில் நுரையீரலில் நிற்கும் 4 லிட்டர் காற்று, வெளியேற வழியில்லாமல் மேலே வந்தால் 8 லிட்டராக விரிய முயலும். அவ்வளவுக்கு நம் மார்பில் இடமில்லை. சளியோ சுருக்கமோ அடைத்த ஒரு சிறு மூச்சுக்குழாயின் பின்னால் கொஞ்சம் காற்று சிக்கியிருந்தாலும் கதை இதுதான். அந்த இடம் கிழிந்து காற்றுக்குமிழ் ரத்தத்தில் நுழைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்போல வரும்.

“12 மீட்டர்தானே” என்ற உங்கள் ஆறுதல் இந்த இடத்தில் உதவாது. அழுத்தம் இரட்டிப்பாவது முதல் 10 மீட்டருக்குள்தான். அதற்குக் கீழே மாற்றத்தின் விகிதம் குறைந்துகொண்டே போகும். நுரையீரல் நிறைய மூச்சை அடக்கியபடி ஒரு மீட்டருக்குச் சற்று மேல் எழும்பினாலே காயம் ஏற்படலாம். நீங்கள் தினமும் நீந்தும் குளத்தின் ஆழமே போதும்.

உங்கள் ஒன்றரை நிமிட மூச்சடக்கம் பற்றி எனக்குக் கவலை வருவதும் இதனால்தான். ஒரு மூச்சோடு குளத்தில் மூழ்குகிறவர் நீர்மட்டத்தில் இழுத்த காற்றையே கொண்டுபோகிறார். அது ஆழத்தில் சுருங்கி, மேலே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். ஸ்கூபாவில் ஆழத்தின் அழுத்தத்தில் நிரப்பிய காற்றோடு மேலே வருகிறீர்கள். நல்ல நீச்சல்காரர் பதறினால் கை கால் தானாக என்ன செய்யும்? வாயை மூடும், மூச்சை அடக்கும், மேல்நோக்கி உதைக்கும். குளத்தில் உங்களைக் காப்பாற்றிய பழக்கம் அது. கடலுக்குப் போகுமுன் முயன்று மறக்க வேண்டிய பழக்கமும் அதுவே. ரெகுலேட்டர் வாயில் இருக்கும்வரை மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது வாயிலிருந்து நழுவினால் ‘ஆ…’ என்று சன்னமாகச் சொன்னபடி குமிழ் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காற்றை மிச்சம் பிடிக்க மூச்சை அடக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். சாதாரணமாக 12 லிட்டர் சிலிண்டரை 200 பார் அழுத்தத்தில் நிரப்புவார்கள். அதில் இருப்பது 2400 லிட்டர் காற்று. கடைசி 50 பார் கையிருப்பு, அதைத் தொடக் கூடாது. மீதி 1800 லிட்டர். நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறவருக்கு 10 மீட்டர் ஆழத்தில் அது இருமடங்காக 40 லிட்டர் செலவாகும். கணக்குப் பார்த்தால் 45 நிமிடம். பதற்றத்தில் முதல் முறை இறங்குகிறவருக்கு இது இன்னும் குறையும், குறைந்தால் சீக்கிரம் மேலே வருவீர்கள். அதனால் குறை ஒன்றும் இல்லை.

ஆகவே நுரையீரல் மருத்துவரிடம் கேட்க வேண்டியது இது: ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனையை ஒருமுறை அமைதியாக இருக்கும்போதும், மூச்சு வாங்க ஓடியோ மிதிவண்டி மிதித்தோ முடித்த பிறகு மறுமுறையும் செய்ய வேண்டும். இரண்டுக்கும் இடையே பெரிய சரிவு இல்லையென்றால் நல்ல அறிகுறி. குளிரும் உழைப்பும் பதற்றமும் உங்களுக்கு இழுப்பைத் தூண்டுகின்றன என்று தெரிந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன், ஏனென்றால் கடலில் மூன்றும் ஒன்றாக இருக்கும். நீங்கள் பனிக்காலம் என்று எழுதியிருப்பதால், இழுப்பைக் கொண்டுவந்தது தூசியா, குளிரா என்பதை யோசித்து அவரிடம் சொல்லுங்கள். சான்று கிடைத்த பிறகும் ஒரு நிபந்தனை உண்டு. இறங்குவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் இன்ஹேலர் தேவைப்பட்டிருந்தாலோ நெஞ்சில் சீழ்க்கைச் சத்தம் கேட்டிருந்தாலோ அன்றைய டைவ் கிடையாது.

சொட்டு மருந்தோடு இறங்கிய கதை

இதை நானே செய்து சூடுபட்டிருக்கிறேன். பல வருடம் முன், சளி பிடித்திருந்த நாளில், படகுவரை வந்துவிட்டோமே என்று மூக்கில் சொட்டு விட்டுக்கொண்டு இறங்கினேன். காது அழகாகத் திறந்தது, இறங்குவதில் தொல்லையே இல்லை. அரை மணி நேரம் கழித்து ஏறத் தொடங்கியபோது வலது புருவத்துக்கு மேலே ஆணி அடிப்பதுபோல வலி. மருந்தின் வேகம் போய், வீங்கிய சவ்வு சைனஸின் வாயை அடைத்துவிட்டிருந்தது. உள்ளே சிக்கிய காற்று விரிகிறது, போக இடமில்லை. இறங்கும்போது வலித்தால் திரும்பி மேலே வந்துவிடலாம். ஏறும்போது வலித்தால் எங்கே போவது? சிலிண்டரில் காற்று தீர்ந்துகொண்டே இருக்கிறது, எப்படியும் மேலே வந்தாக வேண்டும். கால் மீட்டர் கால் மீட்டராக ஏறினேன். படகில் மாஸ்க்கைக் கழற்றியபோது மூக்குப் பக்கத்தில் ஒரு தேக்கரண்டி அளவு ரத்தம் தேங்கியிருந்தது.

ஆகவே சளி இருந்தால் இறங்காதீர்கள். அடைப்பு நீக்கும் மாத்திரைகளில் பல ரத்த அழுத்தத்தையும் ஏற்றும் என்பது உங்கள் விஷயத்தில் இரண்டாவது காரணம். அடிக்கடி மூக்கடைக்கிறது என்றால் அதற்கு இப்போதே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஆறு வாரம் முறையாக வைத்தியம் செய்தால் பலருக்குக் கட்டுப்பட்டுவிடும். செவிப்பறையையும் அவர் பார்த்துவிடட்டும்.

காதைத் திறக்கும் பழக்கத்தை இன்றே வீட்டில் தொடங்கலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெல்ல ஊத வேண்டும். இரண்டு காதிலும் ‘டப்’ என்று கேட்கும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைப் பற்றி எழுதிய இத்தாலிய உடற்கூறியலாளர் வால்சல்வாவின் பெயரில்தான் இந்த முறையை அழைக்கிறோம். ஒரு காது திறக்கவில்லை என்றால் தலையை மறுபக்கம் சாய்த்து, எச்சில் விழுங்கிப் பாருங்கள். கடலில் வலிக்கும்வரை காத்திருக்காமல், கால் கீழாகக் கயிற்றைப் பிடித்து இறங்கும்போதே கைப்பிடிக்குக் கைப்பிடி ஊதிக்கொண்டே போக வேண்டும். வலித்தால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். முக்கி ஊதாதீர்கள். செவிப்பறை கிழிந்தால் குளிர்ந்த நீர் நடுக்காதுக்குள் புகுந்து, எது மேல் எது கீழ் என்று தெரியாமல் தலை சுற்றும்.

விமான நேரம் சரியில்லை

மாலை 4 மணிக்கும் காலை 7.30 மணிக்கும் இடையே பதினைந்தரை மணி நேரம். “12 மணி நேரம் போதும்” என்று உங்களிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அது ஒரே ஒரு டைவ் செய்தவருக்கு. ஒரே நாளில் இரண்டு டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் என்பதே டைவிங் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் பரிந்துரை. ஆழத்தில் இருந்தபோது உடம்பில் கரைந்த நைட்ரஜன், மெல்ல மெல்ல மூச்சோடு வெளியேற வேண்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலைக்குச் சமமாக இறங்கக்கூடும். மீதியிருக்கும் நைட்ரஜன் அப்போது சோடா புட்டியைத் திறந்ததுபோலக் குமிழாகலாம். உயரமான மலைப்பாதையில் காரில் திரும்பினாலும் இதே கதைதான்.

டைவ்வை இரண்டாம் நாளுக்கு மாற்றிவிடுங்கள். முதல் நாள் பயணக் களைப்பு தீரும், கடைசி நாட்களை உடம்பு ஆற விட்டுவிடலாம். மாற்ற முடியாதென்றால் பிற்பகல் டைவ்வை விட்டுவிடுங்கள், மகளையும் விடச் சொல்லுங்கள்.

டைவ் முடிந்த 24 மணி நேரத்தில் மூட்டு வலி, மரத்துப்போதல், தோலில் புள்ளிபுள்ளியாகச் சிவப்பு, தலைசுற்றல், காரணமில்லாத அசதி என்று எது வந்தாலும் “சிலிண்டர் தூக்கினேன், தோள் வலிக்கிறது” என்று நீங்களாக ஒரு காரணம் கண்டுபிடிக்காதீர்கள். படுக்க வைத்து, சுத்த ஆக்சிஜன் கொடுத்து, மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மறுபடி தண்ணீரில் இறங்கினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 12 மீட்டரில் இந்த நைட்ரஜன் குமிழ் நோய் அரிது, ஆனால் வராது என்று சொல்ல முடியாது. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாத வேகத்தில் ஏறுவதும், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதும் அதற்காகத்தான்.

கேட்க உங்களுக்கு உரிமை உண்டு

பணம் கட்டியவர் என்ற முறையிலும், இறங்கப் போகிற உடம்பு உங்களுடையது என்ற முறையிலும் சிலவற்றை முன்கூட்டியே கேளுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? முதல் முறை இறங்குகிறவர்களில் இருவருக்கு மேல் ஒருவரிடம் விட்டால் நான் என் குடும்பத்தை அனுப்பமாட்டேன். படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? குமிழ் நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை உள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம்? கடலுக்கு முன் இடுப்பளவுத் தண்ணீரில் மாஸ்க்கில் புகுந்த நீரை வெளியேற்றவும், ரெகுலேட்டரை எடுத்து மறுபடி வாயில் வைக்கவும் பழக்குவார்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் இடத்தை மாற்றுங்கள்.

இறங்குமுன் ஒரு சின்ன சோதனையை நீங்களே செய்யலாம். ரெகுலேட்டரை வாயில் வைத்து நான்கு மூச்சு இழுங்கள், கண் மட்டும் அழுத்தமானியின் முள்ளில் இருக்கட்டும். முள் அசையாமல் நின்றால் சிலிண்டரின் வால்வு நன்றாகத் திறந்திருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் சரிந்து சரிந்து எழுந்தால் வால்வு ஏறக்குறைய மூடியிருக்கிறது. படகில் அந்தக் காற்று போதும்போலத் தோன்றும், பத்து மீட்டரில் போதாது. காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ இருந்தாலும் சிலிண்டரை மாற்றச் சொல்லுங்கள். இடுப்பில் கட்டும் எடையை ஒரே இழுப்பில் கழற்றுவது எப்படி என்று உங்கள் கையாலேயே ஒருமுறை செய்து பாருங்கள்.

சைகைகளில் ஒன்றை மட்டும் மகளோடு சேர்ந்து வீட்டிலேயே பழகுங்கள். கட்டைவிரலை உயர்த்தினால் தண்ணீருக்குள் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று பொருளில்லை. ‘மேலே போகிறேன்’ என்று பொருள். நன்றாக இருந்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம். புகைப்படக்காரர் முன்னால் பழக்கதோஷத்தில் கட்டைவிரலைத் தூக்கி, இறங்கிய இரண்டாம் நிமிடமே மேலே கொண்டுவரப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அதே சைகையை மனதார எப்போது வேண்டுமானாலும் காட்டலாம். படகில் இருந்தபடியே “எனக்கு இன்று வேண்டாம்” என்றும் சொல்லலாம். காரணம் கேட்பது நல்ல டைவிங் ஆட்களின் வழக்கமில்லை.

சான்று கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். ஸ்நார்க்கல் என்ற மூச்சுக்குழலை வாயில் வைத்து நீரின் மேலே மிதந்து பார்ப்பது நல்ல மாற்று. ஆழத்து அழுத்தமும் நைட்ரஜனும் அதில் கிடையாது. ஆனால் இதயத்தின் மேல் ஏறும் சுமை அதிலும் உண்டு, அதனால் பி.பி. பற்றிய பேச்சை முடித்துவிட்டே அதற்கும் போங்கள். மகள் மட்டும் டைவ் செய்யட்டும், அவளும் படிவத்தை உண்மையாக நிரப்பியிருந்தால்.

கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இன்னொரு கேள்வி கேட்டிருந்தீர்கள்: கண்ணாடி பவர் மைனஸ் 2, மாஸ்க்குக்குள் என்ன செய்வது? தண்ணீரில் எல்லாம் கால் பங்கு பக்கத்திலும் கொஞ்சம் பெரிதாகவும் தெரியும் என்பதால் இந்தப் பவருக்குப் பலர் ஒன்றும் இல்லாமலே சமாளித்துவிடுகிறார்கள். பவர் போட்ட மாஸ்க் இருக்கிறதா என்று முன்பே கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அன்றாடம் மாற்றும் மெல்லிய கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொள்ளலாம், மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், கரைக்கு வந்ததும் அந்த ஜோடியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். நீச்சல் கண்ணாடியை எடுத்துப் போகாதீர்கள். அதற்குள் மூக்கு அடங்காது, ஆழத்தில் கண்ணைப் பிடித்து இழுக்கும்போது உள்ளே காற்று ஊத வழியிருக்காது.